எந்த மட்டையை மாற்றுவது? பந்தின் போக்கைப் பார்த்து முடிவு செய்யும் வழி

வாரத்துக்கு ஒரு நாள் கோல்ஃப் ஆடுகிறவர், ஹேண்டிகேப் (திறமையைக் காட்டும் எண், கூடினால் திறமை குறைவு) 18-க்கும் 28-க்கும் நடுவில் எங்கோ, பையில் இருப்பது நண்பர் கொடுத்ததோ கிளப்பில் யாரோ விற்றதோ ஆன செட். இப்படிப்பட்டவர் ரெண்டு ஆட்டம் சொதப்பினால் உடனே மனசு போவது புது டிரைவரிடம்தான், அதாவது அதிக தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டையிடம்தான். செலவு மிக அதிகம், பலன் மிகக் குறைவு என்று ஒரு சாமானைச் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். டிரைவர் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதன் முகம் (பந்தில் படும் பரப்பு) இவ்வளவுக்கு மேல் துள்ளக்கூடாது என்ற இரண்டு வரம்புகளும் 2000-களிலேயே வந்துவிட்டன. கம்பெனிகளும் அப்போதே அந்த எல்லையைத் தொட்டுவிட்டன. அதன்பின் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் பந்து முகத்தின் நடுவில் படாதபோது ஆகும் இழப்பைக் குறைப்பதில்தான். ஆகவே பத்து வருடப் பழைய டிரைவர் ஒன்றும் காலாவதியான பொருள் அல்ல.

கீழே ஒவ்வொரு தொல்லைக்கும் நான் சொல்லும் வரிசை ஒன்றுதான்: கிரிப் (கைப்பிடி உறை), நீளம், லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்), லை (தண்டு தரையோடு செய்யும் கோணம்), ஷாஃப்ட் (மட்டையின் தண்டு), கடைசியாகத் தலை. செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறும். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். வலது, இடது என்று சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுப் படிக்கவும்.

முதலில் சோதனை செய்யும் விதம்

டால்கம் பவுடர், அழியக்கூடிய மார்க்கர் பேனா, சின்ன நோட்டு. இவ்வளவு போதும். ஒரே மட்டையால் பத்துப் பந்து அடியுங்கள். மிக நன்றாகப் போன ரெண்டையும் மிக மோசமான ரெண்டையும் தள்ளிவிட்டு மீதி ஆறு எங்கே விழுந்தன என்று எழுதுங்கள். உங்கள் ஆட்டம் அந்த ஆறுதான். நம்மில் பலரும் எப்போதோ ஒரு நாள் போன மிக நல்ல அடியை வைத்துக்கொண்டு “என் 7 அயர்ன் 150 யார்டு போகும்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். (அயர்ன் என்பது இரும்புத் தலை மட்டை, எண் கூடக்கூட லாஃப்ட் கூடும், தூரம் குறையும்.) அந்தக் கணக்கில் மட்டை வாங்கினால் எல்லாமே தப்பாகத்தான் அமையும்.

இன்னொன்று. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அடித்த தூரத்தை நோட்டில் ஏற்றாதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் காற்று லேசு, பந்து சுமார் 7, 8 சதவீதம் அதிகம் போகும். மலையில் 140 யார்டு போகும் மட்டை சென்னையில் 130-தான் போகும். விடுமுறைக்குப் போய்வந்தவுடன் “இந்த செட் எனக்கு அமைந்துவிட்டது” என்று சொல்கிறவர்களை நம்பி வாங்க வேண்டாம்.

டிரைவரில் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது

ஸ்லைஸ். உலகத்தின் பாதி கோல்ஃப் விளம்பரம் இந்த ஒரு நோயை வைத்துத்தான் பிழைக்கிறது. அடிப்படைக் காரணம் வீச்சில் இருக்கிறது. பந்தைத் தொடும் நொடியில் மட்டை போகும் பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது. அதைத் திருத்துவது கோச்சின் வேலை. ஆனால் தப்பான மட்டை இதே குறையை இரட்டிப்பாக்கும், அதை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

முகத்தில் பவுடரை லேசாகத் தூவி ஐந்தாறு பந்து அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின் முகத்தைப் பாருங்கள். பவுடரில் பந்து பட்ட இடம் வட்டமாக அழிந்து பளிச்சென்று தெரியும். அந்த வட்டம் ஷாஃப்ட் பக்கமாக, அதாவது குதிகால் பக்கமாக ஒதுங்கியிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. டிரைவரின் முகம் தட்டையானது அல்ல, லேசாகப் புடைத்தது. குதிகாலில் பட்ட பந்துக்கு அந்த அடியே வலப்பக்கச் சுழற்சியைக் கூட்டிக் கொடுக்கும். நீங்கள் நேராக வீசியிருந்தாலும் பந்து வளையும்.

குதிகாலில் படுவதற்கு ஒரு சாதாரணக் காரணம் நீளம். இப்போது கடையில் விற்கும் டிரைவர்கள் 45.5 அங்குலத்தை ஒட்டி வருகின்றன. எஃகு ஷாஃப்ட் காலத்தில் அது 43 அங்குலம்தான். நீளம் கூடினால் வேகம் கூடும் என்பது உண்மை, நடுவில் படுவது குறையும் என்பதும் அதே அளவு உண்மை. காசு செலவில்லாத சோதனை: ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு ஆறு பந்து. வட்டம் நடுவுக்கு வந்துவிட்டால் அப்படியே பிடித்து ஆடிக்கொண்டிருக்கலாம். நிரந்தரமாக வெட்டிவிட்டால் தலை எடையே இல்லாதது போலத் தோன்றும், அதற்கு ஈய நாடாவைச் சுமார் 10 கிராம் தலையின் பின்புறம் ஒட்டினால் பழைய உணர்வு வந்துவிடும்.

வட்டம் நடுவிலேயே இருந்தும் பந்து வளைகிறதா? அடுத்து லாஃப்டைப் பாருங்கள். 9 டிகிரி என்று அடியில் எழுதியிருந்தால் அதுவே சந்தேகத்துக்கு உரியது. வேகமாக வீசும் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வாங்கும் எண் அது. லாஃப்ட் குறையும்போது பின்சுழற்சி குறைகிறது, பக்கச் சாய்வின் ஆதிக்கம் கூடுகிறது. 10.5 அல்லது 12 டிகிரியில் அதே வீச்சு குறைவாகவே வளையும், பெரும்பாலும் காற்றில் கொஞ்சம் கூடுதல் தூரமும் போகும். 2010-க்குப் பிறகு வந்த பல டிரைவர்களில் கழுத்தில் திருகு இருக்கும், சாவியால் லாஃப்டை ஒரு டிகிரி ஏற்றலாம். ஏற்றும்போது முகமும் சற்று இடப்பக்கம் மூடும், ஸ்லைஸ்காரருக்கு அது இரட்டை லாபம். ஆகவே பழைய டிரைவர் வாங்கும்போது சாவி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விற்கிறவர் அதைத் தொலைத்திருப்பார், இருந்தாலும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் ஒரு மாதம் டிரைவரை வீட்டில் விட்டுவிட்டு 3 வுட்டிலோ 5 வுட்டிலோ (டிரைவர் போன்ற, ஆனால் குட்டையான, லாஃப்ட் கூடிய மட்டைகள்) டீயிலிருந்து, அதாவது பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சியிலிருந்து, அடியுங்கள். நேராக 185 யார்டு போகும் பந்து, மரத்துக்குள் 215 யார்டு போகும் பந்தைவிட மேல்.

அயர்னில் பந்து வளையாமல், நேராகவே இடப்பக்கம் போகிறது

அல்லது நேராகவே வலப்பக்கம். எந்த எண் எடுத்தாலும் இதே கதை, குட்டை அயர்ன்களில் இன்னும் மோசம் என்றால் சந்தேகம் லை கோணத்தின் மேல். மட்டையின் அடிப்பாகம் தரையில் தட்டையாகப் பதியும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம் அது. உங்களுக்கு அது அதிகம் நிமிர்ந்திருந்தால் அடிக்கும் நேரத்தில் மட்டையின் நுனி தூக்கிக்கொள்ளும், முகம் இடப்பக்கம் பார்க்கும். படுத்திருந்தால் நுனி மண்ணைக் கிளறும், பந்து வலப்பக்கம் போகும். லாஃப்ட் கூடிய மட்டையில் இந்தத் தவறு பெரிதாகும், அதனால்தான் வெட்ஜில் (கிட்டத்து அடிக்கான, லாஃப்ட் மிக அதிகமான மட்டை) அதிகம் தெரிகிறது.

பேனாவை எடுங்கள். பந்தின் பின்பக்கத்தில், அதாவது மட்டை படும் பக்கத்தில், மேலிருந்து கீழாகத் தடிமனாக ஒரு கோடு. பந்தை வைக்கும்போது கோடு செங்குத்தாக நிற்கட்டும். அடித்துவிட்டு முகத்தைப் பார்த்தால் அந்தக் கோட்டின் மை அதில் ஒட்டியிருக்கும். முகத்தின் கிடைக்கோடுகளுக்குச் செங்குத்தாக நின்றால் லை சரி. கோட்டின் தலை மட்டையின் நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் உங்களுக்கு மட்டை அதிகம் நிமிர்ந்தது. குதிகால் பக்கம் சாய்ந்தால் அதிகம் படுத்தது. தரையில் தட்டுப் பலகை, ஒட்டு நாடா எதுவும் வேண்டாம், இது போதும். மூன்று பந்தாவது பாருங்கள், ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பழுது பார்க்கும் கடையில் லோஹத்தை வளைத்துத் தருவார்கள். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு அயர்ன் என்றால் எளிது. வார்த்துச் செய்த அயர்ன்களில் ரெண்டு டிகிரிக்கு மேல் கேட்காதீர்கள், சில வகை கழுத்தில் விரிசல் விட்டுவிடும். செய்கிறவரே முதலில் எந்த மாடல் என்று கேட்டால் நல்ல ஆள் என்று அர்த்தம்.

நம்மூர் ஆட்களுக்கு இங்கே ஒரு கூடுதல் கணக்கு. கடை அளவு செட் ஐந்தடி ஒன்பது, பத்து அங்குல ஆளை மனதில் வைத்துச் செய்தது. ஐந்தடி ஐந்து அங்குலக்காரர் கையில் அது நிமிர்ந்துதான் நிற்கும். உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், கை நீளமும் சேர்ந்தது அது. செருப்போடு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளந்தால் ஏறக்குறைய 33-லிருந்து 36 அங்குலத்துக்குள் வருகிறவர் கடை அளவிலேயே ஆடலாம். அதற்கு வெளியே என்றால் நீளம் மாற்ற வேண்டியிருக்கலாம். அரை அங்குலம் குறைத்தாலே லை ஒரு டிகிரி படுத்தது போல வேலை செய்யும். ஆகவே முதலில் நீளம், அப்புறம் வளைப்பது.

கை வழுக்குகிறது, இறுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் காய்த்துவிட்டது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கிரிப் ரப்பர், வெயிலும் வியர்வையும் அதைக் கொல்லும். காரின் டிக்கியில் கோடை முழுக்கக் கிடந்த செட்டின் கிரிப் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும். வழுக்கும் கிரிப்பை யாரும் மெதுவாகப் பிடிக்க முடியாது. இறுக்கினால் முன்கை விறைக்கும், விறைத்தால் வீச்சு நிற்கும். அதற்கு ஷாஃப்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

முதல் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பிரஷ். தேய்த்துத் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பாதிக் கிரிப்புகள் இதிலேயே உயிர் பெறும். விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழாமல் கெட்டியாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாற்றுவது வீட்டிலேயே முடியும். வளைந்த அலகுள்ள கத்தியால், உங்களைவிட்டு விலகிப் போகும் திசையில், பழைய கிரிப்பை நீளவாக்கில் கிழியுங்கள். கிராஃபைட் ஷாஃப்ட் என்றால் அலகு உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு கீறல் போதும், அது பிறகு அங்கேயே உடையும். உள்ளே மிச்சமிருக்கும் பழைய நாடாவை ஹேர் டிரையரால் சூடாக்கினால் உரிந்து வரும். ஷாஃப்டைத் துடைத்துவிட்டு இருபக்க ஒட்டு நாடாவைக் கிரிப் நீளத்துக்குச் சுற்றுங்கள். மேல் முனையில் அரை அங்குலம் நீட்டி விட்டு அதைத் திருகி ஷாஃப்டின் துளைக்குள் செருகிவிட வேண்டும், இல்லாவிட்டால் திரவம் உள்ளே போய்விடும். புதுக் கிரிப்பின் மூடியில் உள்ள சிறு ஓட்டையை ஒரு டீயால் அடையுங்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பென்டைனைக் கிரிப்புக்குள் கொஞ்சம் ஊற்றி, வாயை மூடிக் குலுக்கி, அதே திரவத்தை நாடாவின் மேல் முழுக்கக் கொட்டுங்கள். இனி யோசிக்க நேரமில்லை. வாயைப் பிதுக்கி நாடாவில் மாட்டி ஒரே தள்ளில் கடைசி வரை இறக்குங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இறங்கிய பிறகு ஒரு நிமிடம் திருப்பி நேராக்கலாம். பிறகு ஒரு நாள் தொடாதீர்கள், டர்பென்டைன் மெதுவாகத்தான் காயும். பெட்ரோல் சீக்கிரம் காயும் என்று யாராவது சொல்வார்கள். தீப்பிடிக்கும் பொருளை வீட்டுக்குள் கொட்டி வேலை செய்ய வேண்டாம். டர்பென்டைனுக்கும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கிரிப்பின் தடிமனும் பார்க்க வேண்டும். இடக்கையால் சாதாரணமாகப் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். சதையில் புதைந்தால் கிரிப் ஒல்லி, இடைவெளி விட்டால் தடிமன். பெரிய கைக்காரர் புதுக் கிரிப் வாங்குவதற்குப் பதில் நாடாவை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். வியர்க்கும் கைக்கு நூல் கலந்த கிரிப் நல்லது, கொஞ்சம் சொரசொரப்பு. வாரத்தில் நாலு நாள் ஆடுகிறவருக்கு அது கையைத் தேய்க்கும், நமக்கு அந்தக் கவலை இல்லை.

5, 6, 7 மூன்று அயர்னும் ஒரே தூரம் போகின்றன

நோட்டில் எண்கள் 135, 138, 134 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். லாஃப்ட் குறைந்த மட்டை பந்தைத் தூக்க வேகம் வேண்டும். வேகம் போதாவிட்டால் பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரம் விழும். அப்புறம் எண் எதுவானாலும் ஒன்றுதான்.

இதில் கம்பெனிகள் பண்ணிய ஒரு வேலையும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் 7 அயர்ன் 34, 35 டிகிரி. இப்போது சராசரி ஆட்டக்காரருக்கென்று வரும் பல செட்களில் அது 28-லிருந்து 30. அதாவது இன்றைய 7 என்பது அன்றைய 5-ஐ ஒட்டி வருகிறது. “புது செட்டில் 7 அயர்ன் பதினைந்து யார்டு அதிகம் போகிறது” என்று கடையில் சொல்வது பொய்யில்லை, எண்தான் மாறியிருக்கிறது. இதனால் புது செட்டின் 5 அயர்ன் 21, 22 டிகிரி ஆகிவிடும், அது நமக்கெல்லாம் அலங்காரப் பொருள். செட் வாங்கும்போது எண்ணைக் கேட்காமல் லாஃப்டைக் கேளுங்கள். மாடல் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் அட்டவணை கிடைக்கும்.

சரி, தீர்வு? ஒரே தூரம் போகும் மட்டைகளில் சுலபமாக அடிக்க முடிகிற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள். பழைய ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்த மட்டை) ஒன்று, 24 அல்லது 25 டிகிரி, 5 அயர்ன் இடத்துக்கு. அதற்கு மேலே 7 வுட், 21 டிகிரி. 7 வுட்டை வயசானவர்களுக்கான மட்டை என்று சிரித்த காலம் போய்விட்டது, இப்போது தொழில்முறை ஆட்டக்காரர்கள் பையிலும் இருக்கிறது. தலை ஆழமானது, எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து தானாக எழும்பும். 3 அயர்ன், 4 அயர்ன் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை.

100 யார்டுக்குள் அடிக்க மட்டையே இல்லை

மேலே சொன்ன வேலையின் மறுமுனை. புது செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரி. பையில் தனியாக வாங்கிய சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி ஓட்டை. ஒன்று 110 போகிறது, அடுத்தது 70. 90 யார்டு வந்தால் அரை அடி, முக்கால் அடி என்று கையை ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

50 டிகிரி வெட்ஜ் ஒன்று. அவ்வளவுதான். லாஃப்ட் இடைவெளி 4-லிருந்து 6 டிகிரிக்குள் இருந்தால் போதும். 60 டிகிரி வெட்ஜ் தேவையில்லை, யார் என்ன சொன்னாலும்.

வெட்ஜ் இறங்கிய பந்து நிற்காமல் ஓடுகிறது என்றால் இரண்டு சந்தேகம். முகத்தின் கோடுகளில் நகத்தை இழுத்துப் பாருங்கள், நகம் மாட்டாமல் வழுக்கினால் தேய்ந்துவிட்டது. ஓரம் மழுங்காமல் இருந்தால் பந்தைப் பாருங்கள். மலிவான இரண்டு அடுக்குக் கெட்டிப் பந்து எந்த வெட்ஜிலும் சுழலாது. பழைய டிரைவர் வாங்கலாம், பழைய ஹைபிரிட் வாங்கலாம், பழைய சாண்ட் வெட்ஜ் மட்டும் நடுவில் பளபளவென்று தேய்ந்ததாக இருந்தால் வாங்கக்கூடாது.

பங்கரில் (மணல் குழியில்) மட்டை புதைகிறது, அல்லது எகிறிப் பந்தின் வயிற்றில் வெட்டுகிறது

இரண்டும் எதிரெதிர் நோய். மருந்து ஒரே இடத்தில், மட்டையின் அடிப்பாகத்தில் இருக்கும் பௌன்ஸ் என்ற கோணத்தில். 1932-இல் ஜீன் சாரசென் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றபோது பையில் வைத்திருந்த வெட்ஜின் ரகசியமே இதுதான். மட்டையின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கும்படி அடியில் கனம் சேர்த்திருந்தார். அது மணலைத் தோண்டாமல் மேலே சறுக்கிப் போனது.

மணல் தளர்வாக, ஆழமாக இருக்கும் மைதானத்தில் மட்டை புதைந்தால் 12, 14 டிகிரி பௌன்ஸ் வேண்டும். மழைக்குப் பின் இறுகிய மணலிலும், கோடையில் காய்ந்து கட்டாந்தரையான ஃபேர்வேயிலும் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்தரை) அதே மட்டை தரையில் பட்டு எகிறும், பந்து குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான கிரீனைத் தாண்டி எங்கோ போகும். அங்கே 6-லிருந்து 8 நல்லது. இரண்டு மட்டை வாங்கும் வசதி இல்லாதவர் 10 டிகிரி எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தின் பங்கர் எப்படி என்று மட்டைப் பை தூக்கும் கேடியிடம் கேளுங்கள். கடைக்காரரைவிட அவருக்குத்தான் தெரியும். பௌன்ஸ் எண் பல வெட்ஜ்களில் அடியிலேயே பொறித்திருக்கும்.

முதல் பன்னிரண்டு குழி நன்றாக, அதற்குப் பின் எல்லா அடியும் குட்டையாக, வலப்பக்கமாக

ஷாஃப்ட் கனம். நன்றாக ஆடுகிறவர்கள் விற்கும் பழைய அயர்ன் செட்களில் ட்ரூ டெம்பர் டைனமிக் கோல்டு எஸ் 300 என்று ஷாஃப்டில் பட்டை ஒட்டியிருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் 130 கிராம். நம் வேகத்துக்கு 95-லிருந்து 105 கிராம் லேசான எஃகு போதும், அறுபதைத் தாண்டியவர்கள் 60, 70 கிராம் கிராஃபைட்டுக்கே போகலாம்.

விறைப்புக்குப் போடும் எழுத்தை அதிகம் நம்பாதீர்கள். ஆர், எஸ் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொன்றின் எஸ்ஸைவிட விறைப்பாக இருக்கலாம். தாழ்வாக, உணர்ச்சியே இல்லாமல், வலப்பக்கம் போனால் விறைப்பு அதிகம். உயரமாகப் போய் இடப்பக்கம் சிதறினால் தளர்வு. பெண்களுக்கான செட், முதியவருக்கான செட் என்ற முத்திரையையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகமாக வீசும் பெண்ணுக்கு ஆர் ஷாஃப்ட் பொருந்தும். மெதுவாக வீசும் ஆணுக்கு முதியோர் ஷாஃப்ட் பொருந்தும். அதில் கௌரவம் பார்க்கிறவர்கள்தான் 9 டிகிரி டிரைவரும் வாங்குகிறார்கள்.

நடுவில் படாத அடி கையைச் சுளீரென்று கடிக்கிறது

தலையின் பின்புறத்தைப் பாருங்கள். மெல்லியதாக, வழவழவென்று, கத்தி மாதிரி இருந்தால் அது பிளேடு. அழகு, ஆனால் எடை முழுக்க நடுவில். பின்புறம் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளியது கேவிட்டி பேக். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் தன் வீட்டு கராஜில் இந்த யோசனையோடு பட்டர் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) செய்ய ஆரம்பித்தார், பின்னால் அதை அயர்னுக்கும் கொண்டுபோனார். எடை ஓரத்தில் இருந்தால் பந்து நுனியில் பட்டாலும் தலை அவ்வளவு திரும்பாது. தூர இழப்பும் குறைவு, கை வலியும் குறைவு. 1982-இல் அவருடைய கம்பெனியிலிருந்து வந்த பிங் ஐ 2 அயர்ன்களை இன்றைக்கும் வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு தொல்லைக்கு மட்டும்தான் நான் தலையை மாற்றச் சொல்வேன்.

வீசும்போது உள்ளே ஏதோ கடகடக்கிறது

பிசின் துணுக்கு உதிர்ந்து ஷாஃப்டுக்குள் உருளலாம், அது தொல்லை மட்டும்தான். ஆபத்து வேறு. தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் கருப்பு வளையம் மேலே ஏறி இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கிரிப்பை ஒரு கையிலும் தலையை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். துளி அசைந்தாலும் அதை வைத்து அடிக்காதீர்கள், தலை கழன்று பறக்கும், பக்கத்தில் ஆள் நிற்பார். வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் ஒட்டியிருக்கும் எபாக்ஸி இளகுவதால் இது நம்மூரில் சகஜம். திரும்ப ஒட்ட அதிகம் செலவாகாது. எஃகு ஷாஃப்டில் கழுத்துக்கு அருகே துரு குழி விழுந்திருந்தாலோ, கிராஃபைட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்த ஷாஃப்ட் முடிந்தது.

பட்டர்

பழையதே போதும். பெரும்பாலானோருக்கு நீளம்தான் கூடுதல். பந்தின் மேல் நின்று, மூக்கின் மேலிருந்து இன்னொரு பந்தை நழுவ விடுங்கள். அது தரையிலுள்ள பந்தின் மேலோ அதற்குச் சற்று உள்ளேயோ விழுந்தால் சரி. அப்பால் விழுந்தாலோ, உங்கள் பாதத்தின் பக்கம் மிகவும் ஒதுங்கி விழுந்தாலோ நிற்கும் விதமோ நீளமோ தப்பு. 35 அங்குலத்தை 33 ஆக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் நிறைய.

இன்னும் செட்டே வாங்கவில்லை

பதினான்கு மட்டை என்பது விதி அனுமதிக்கும் உச்சவரம்பு. அத்தனையும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சிக் எவன்ஸ் 1916-இல் அமெரிக்க ஓப்பனை ஏழு மட்டையோடு ஜெயித்தார், அதுவும் மர ஷாஃப்ட். 5 வுட், 24 டிகிரி ஹைபிரிட், 7, 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். இந்த ஏழோடு ஒரு வருடம் ஆடிவிட்டு, நோட்டில் எந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதோ அங்கே ஒன்று சேர்க்கலாம்.

இணையத்தில் புது செட் பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். போலிகள் ஏராளம். அயர்னின் கழுத்தில் பொறிக்கும் வரிசை எண் இல்லாதது, எழுத்துக்குள் ஊற்றிய வண்ணம் விளிம்பு தாண்டி வழிந்தது, ஷாஃப்ட் பட்டை கோணலாக ஒட்டியது, அந்த மாடலில் வராத ஷாஃப்ட் போட்டிருப்பது, இதில் ஒன்றைக் கண்டாலே விட்டுவிடுங்கள். கிளப்பில் தெரிந்தவர் பயன்படுத்திய செட்டை, ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) இருபது பந்து அடித்துப் பார்த்து வாங்குவதுதான் மலிவும் பத்திரமும்.

எதைச் செய்தும் ஒன்றும் மாறவில்லை

ஒரே நாளில், ஒரே ரேஞ்சில், உங்களைவிட வேறு மாதிரி செட் வைத்திருக்கும் ஒருவரோடு 7 அயர்னை மாற்றிக்கொண்டு பத்துப் பத்துப் பந்து அடியுங்கள். அவர் மட்டையிலும் உங்கள் பந்து அதே இடத்துக்கே போனால் குறை மட்டையில் இல்லை. மிச்சமிருக்கும் காசைக் கோச்சுக்குக் கொடுங்கள். போகும்போது அந்த நோட்டையும், பவுடர் அடையாளத்தைக் கைபேசியில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள். இடம் மாறி மாறிப் பட்டிருக்கிறதா, ஒரே இடத்தில் பட்டிருக்கிறதா என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.